பழைய கணிப்பொறிக்குப் புதிய நெட்வொர்க் கார்டு

ஐப்பசி மாதத்து மாலை நேரம். வானம் கறுத்துத் திரண்டு வந்தது. கண்ணைப் பறிக்கும் ஒரு மின்னல். அதைத் தொடர்ந்து காதைப் பிளக்கும் இடி. விளக்குகள் ஒருமுறை சிமிட்டிவிட்டு மீண்டும் எரிந்தன. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மறுநாள் காலை எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நுழைந்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொண்டனர். "சார், சர்வர் வேலை செய்யவில்லை!"

அவர்கள் சர்வர் என்று பெருமையாகச் சொன்னது 2007-இல் வாங்கிய ஒரு மேசைக் கணிப்பொறி. லினக்ஸ் அதில் ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் செய்முறையில் எடுக்கும் அளவீடுகளையெல்லாம் சேமித்து வைத்து, மற்ற எட்டுக் கணிப்பொறிகளுக்கும் வழங்குவது அதன் வேலை. போய்ப் பார்த்தேன். கணிப்பொறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையில் எழுத்துகள் தெரிந்தன. கோப்புகள் பத்திரமாக இருந்தன. ஆனால் வெளியுலகோடு அது பேசவில்லை. வாய் அடைத்துப்போன மனிதனைப் போல இருந்தது. செய்முறைத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது.

"பழைய பெட்டிதானே, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடலாமே" என்றார் ஒரு நண்பர். ஒரு பல் வலித்தால் ஆளையே மாற்றுவார்களா? மாற்ற வேண்டியது ஒரு சிறு கார்டு மட்டுமே. ஆனால் அந்தச் சிறு கார்டை வாங்குவதில் நான் முதலில் தவறிவிட்டேன். அந்தத் தவறிலிருந்து கற்றதையும், அதற்குப் பின்னாலுள்ள அறிவியலையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் எது என்று அறிவோம்

மருந்து வாங்குமுன் நோயை அறிய வேண்டும் அல்லவா? கணிப்பொறி வலையில் சேரவில்லை என்றவுடன் கார்டின்மேல் பழி போடுவது பெரும்பாலோர் வழக்கம். உண்மையில் குற்றவாளி கேபிளாகவோ, கேபிள் போய்ச் சேரும் சுவிட்ச் பெட்டியாகவோ இருக்கலாம். ஆகவே முதலில் நன்றாக வேலை செய்யும் வேறொரு கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு சுவிட்சில் வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். செருகியவுடன் துளையின் அருகிலுள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து லினக்ஸையே கேட்கலாம். எல்-எஸ்-பி-சி-ஐ என்னும் ஐந்து எழுத்துகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்தால், கணிப்பொறியின் உட்பாதையில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் திரையில் விழும். அதில் ஈதர்நெட் என்ற சொல்லோடு ஒரு வரி இருந்தால், கார்டின் சில்லு இன்னும் பதில் சொல்கிறது என்று பொருள். அப்படி ஒரு வரியே இல்லையெனில் சில்லு இறந்திருக்கலாம். அல்லது கார்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். மின்சார இணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டுக் கார்டைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்திப் பார்ப்பது நல்லது.

ஈத்டூல் என்னும் மற்றொரு கட்டளை, இணைப்பு எந்த வேகத்தில் நடக்கிறது என்று சொல்லும். வினாடிக்கு 100 கோடி பிட் அனுப்பவல்ல ஜிகாபிட் கார்டு 10 கோடி பிட்டில் மட்டும் ஓடுகிறதா? அப்படியானால் கார்டைச் சந்தேகிக்கும் முன் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளுக்குள் நான்கு இணை முறுக்குக் கம்பிகள் உள்ளன. 10 கோடி பிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். 100 கோடி பிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். மற்ற இரு இணைகளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு அறவே நின்றுவிடாமல் குறைந்த வேகத்தில் நடப்பதுண்டு.

எங்கள் கணிப்பொறியில் ஈதர்நெட் என்ற வரியே பட்டியலில் இல்லை. மதர்போர்டில் பதிந்திருந்த நெட்வொர்க் சில்லு மின்னலுக்கு இரையாகிவிட்டது. இத்தகைய நிலையில் மதர்போர்டையே மாற்ற வேண்டியதில்லை. பயாஸ் என்னும் தொடக்க அமைப்பில் அந்தச் சில்லை முடக்கிவிட்டு, காலியாக இருக்கும் செருகுவாயில் தனிக் கார்டு ஒன்றைப் பொருத்தினால் போதும்.

கார்டு என்ன செய்கிறது?

கடைக்காரர்கள் லேன் கார்டு என்றே அழைக்கும் இந்த நெட்வொர்க் கார்டு ஓர் அஞ்சல் நிலையம் போன்றது. 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் ஈதர்நெட் முறையை உருவாக்கினர். அன்று அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 29 லட்சம் பிட். இன்றைய ஜிகாபிட் கார்டின் வேகம் அதைப் போல 300 மடங்குக்கும் மேல். ஆயினும் அடிப்படை அப்படியே நிற்கிறது.

கணிப்பொறி அனுப்ப விரும்பும் செய்தி சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பொட்டலத்தில் பொதுவாக 1,500 பைட் வரை சரக்கு இருக்கலாம். கார்டு அதன் தலைப்பில் பெறுபவர் முகவரியையும் அனுப்புபவர் முகவரியையும் கொண்டுள்ள 14 பைட்டோடு கம்பியில் அனுப்புகிறது. கடைசியில் 4 பைட் நீளமுள்ள ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்க்கிறது. பெறும் கார்டு அதே கணக்கைத் தானும் செய்து பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் பொட்டலம் வழியில் கெட்டுவிட்டது என்று ஓசையின்றி அதைக் குப்பையில் போட்டுவிடும்.

ஓசையின்றி என்ற சொல்லைக் கவனியுங்கள். பொட்டலம் வரவில்லை என்று கண்ட மேல்நிலை நிரல்கள் அதை மறுபடியும் அனுப்பச் சொல்லும். எனவே பயனாளருக்குப் பிழை எதுவும் தெரியாது. வேகம் குறைவது மட்டுமே தெரியும். முற்றிலும் செத்த கார்டு தொல்லை தருவதில்லை, மாற்றிவிடுவோம். அரை உயிரோடு இருக்கும் கார்டுதான் நாள்கணக்கில் நம்மை அலைக்கழிக்கும். நம்பகமான கார்டு வேண்டும் என்று சொல்வது இதனாலேயே.

இன்னொரு வேலையும் கார்டுக்கு உண்டு. பொட்டலம் வந்து சேர்ந்ததும் அது மையச் செயலகத்தின் கதவைத் தட்ட வேண்டும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். சிறு கணக்கொன்று போடுவோம். முழு அளவுப் பொட்டலம் ஒன்று, தலைப்பு, சரிபார்ப்பு எண், முன்னறிவிப்பு, இடைவெளி எல்லாம் சேர்ந்து கம்பியில் 1,538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. அதாவது 12,304 பிட். வினாடிக்கு 10 கோடி பிட் வேகத்தில் சுமார் 8,100 பொட்டலங்கள் வரலாம். ஜிகாபிட் வேகத்தில் சுமார் 81,000. ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை கதவைத் தட்டினால், பழைய செயலகம் வேறு வேலையே பார்க்க முடியாது! நல்ல சில்லுகள் பல பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே முறை தட்டும். பொட்டலத்தை நினைவகத்தில் உரிய இடத்தில் தாமே கொண்டுபோய் வைக்கவும் செய்யும். மலிவான சில்லுகள் சிலவற்றில் இந்த வசதிகள் குறைவு. பழைய கணிப்பொறிக்கு மலிவான கார்டு போதும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் மெலிந்த செயலகத்துக்கே உழைக்கத் தெரிந்த கார்டு மிகவும் தேவைப்படுகிறது.

சட்டையைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

இனி என் தவற்றுக்கு வருவோம். கடைக்குச் சென்று ஒரு கார்டு வாங்கினேன். அட்டைப் பெட்டியின்மேல் லினக்ஸிலும் இயங்கும் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு குறுந்தகடும் இருந்தது. அதற்குமேல் என்ன வேண்டும்? மகிழ்ச்சியோடு கல்லூரிக்கு வந்து பொருத்தினேன். லினக்ஸ் அதை அடையாளம் காணவில்லை. குறுந்தகட்டைத் திறந்து பார்த்தால், அதிலிருந்த நிரல் எங்களுடையதைவிடப் பல பதிப்புகள் முந்திய லினக்ஸுக்காக எழுதப்பட்டது. தொகுக்க முயன்றபோது பிழைச் செய்திகளால் திரை நிறைந்தது. இரண்டு நாள் வீணாயிற்று.

நான் பார்த்தது பெட்டியை. பார்க்க வேண்டியது சில்லை. நெட்வொர்க் கார்டு விற்கும் நிறுவனங்களில் பல, சில்லைத் தாமே செய்வதில்லை. இன்டெல், ரியல்டெக், பிராட்காம், மார்வெல் போன்ற சில நிறுவனங்கள் சில்லுகளைச் செய்கின்றன. மற்றவர்கள் அவற்றை வாங்கித் தம் பலகையில் பொருத்தித் தம் பெயரை இட்டு விற்கின்றனர். லினக்ஸுக்கு வேண்டியது பலகையின் பெயரன்று, சில்லின் பெயரே.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லிங்க்சிஸ் நிறுவனத்தின் இஜி1032 என்ற ஜிகாபிட் கார்டு. இதன் 2-ஆம் பதிப்பில் மார்வெல் சில்லு. 3-ஆம் பதிப்பில் ரியல்டெக் சில்லு. மாதிரி எண் ஒன்றே. கார்டு கணிப்பொறிக்குத் தெரிவிக்கும் முதன்மை அடையாள எண்ணும் ஒன்றே! லினக்ஸ் அதைவிட ஆழமாக உள்ள துணை அடையாள எண்ணைப் படித்துத்தான் இது இன்ன சில்லு என்று பிரித்தறிந்து, முன்னதற்கு எஸ்கேஜிஇ என்ற டிரைவரையும் பின்னதற்கு ஆர்8169 என்ற டிரைவரையும் அமர்த்துகிறது. இன்ன மாதிரி நன்றாக உழைக்கிறது என்று நண்பர் சொன்னதைக் கேட்டு அதே மாதிரியை வாங்குபவர், வேறு பதிப்பை வாங்கி வந்து விழிப்பதுண்டு.

ஆகவே கடையில் கார்டைக் கையில் வாங்கி, அதன் நடுவிலுள்ள பெரிய சில்லின்மேல் பொறித்துள்ள எழுத்துகளைப் படியுங்கள். படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லையெனில் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஏற்கெனவே ஏதேனும் ஒரு கணிப்பொறியில் பொருத்தியிருந்தால், முன்பு சொன்ன கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடிட்டு, என் என்ற ஆங்கில எழுத்தை இருமுறை சேர்த்துத் தட்டுங்கள். நிறுவன எண்ணும் கருவி எண்ணும் அடைப்புக்குறிக்குள் தெரியும். நிறுவன எண் 8086 என்று இருந்தால் அது இன்டெல். 1978-இல் வெளிவந்து புகழ்பெற்ற தன் 8086 செயலகத்தின் பெயரையே அந்நிறுவனம் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது.

டிரைவர் என்னும் துபாஷி

சில்லின் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்கார வணிகருக்கும் உள்ளூர் மக்களுக்கும் நடுவே துபாஷிகள் நின்றனர். அதுபோல லினக்ஸுக்கும் சில்லுக்கும் இடையே நிற்கும் துபாஷிதான் டிரைவர் என்னும் நிரல். ஒவ்வொரு சில்லுக் குடும்பத்துக்கும் ஒவ்வொரு மொழி. எனவே வெவ்வேறு துபாஷி.

லினக்ஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் அல்லது உட்கரு என்று பெயர். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த இந்த உட்கரு இடையறாது மாறிக்கொண்டே வருகிறது. உட்கருவுக்கும் டிரைவருக்கும் இடையிலான உள்வழக்கங்களும் அதோடு மாறுகின்றன. டிரைவர் உட்கருவின் மூல நிரலிலேயே சேர்ந்திருந்தால், வழக்கத்தை மாற்றுபவர்களே அந்த டிரைவரையும் திருத்திவிடுவார்கள். வீட்டோடு இருக்கும் பிள்ளை குடும்ப வழக்கத்தைத் தானே கற்றுக்கொள்வது போல! குறுந்தகட்டில் தனியே வரும் டிரைவருக்கு அந்தப் பேறு இல்லை. விற்றவர் திருத்தினால் உண்டு. அவர் அந்தச் சில்லை மறந்துவிட்டால், அடுத்த முறை உட்கருவைப் புதுப்பிக்கும்போது கார்டு ஊமையாகிவிடும்.

எனவே நம்பகமான கார்டு எது என்ற கேள்விக்கு முதல் விடை இதுதான்: எந்தச் சில்லின் டிரைவர் உட்கருவுக்குள்ளேயே பல ஆண்டுகளாக இருந்து, பலர் கையில் பழகித் தேறியிருக்கிறதோ, அந்தச் சில்லைக் கொண்ட கார்டு.

இந்தத் துபாஷிகள் பிறந்த கதையும் சுவையானது. 1994-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் 16 சாதாரணச் செயலகங்களை ஈதர்நெட்டால் பிணைத்து ஒரு மலிவான மீத்திறன் கணிப்பொறியை உருவாக்கினர். பெயோவுல்ஃப் என்பது அதன் பெயர். விலையுயர்ந்த சிறப்புக் கருவிகள் இன்றிக் கடையில் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட்ட அந்த அமைப்புக்கு, நம்பகமான நெட்வொர்க் டிரைவர்கள் உயிர்நாடியாக இருந்தன. லினக்ஸின் தொடக்க கால ஈதர்நெட் டிரைவர்களில் மிகப் பலவற்றைப் பெக்கரே எழுதினார். விண்வெளி ஆய்வுக் கணக்குகளுக்காகச் செய்த உழைப்பின் பயனைப் பின்னாளில் எத்தனையோ பள்ளி, கல்லூரிக் கணிப்பொறிகள் அனுபவித்தன.

செருகும் இடம் எது?

சில்லை அறிந்த பின், கார்டு நம் மதர்போர்டில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பழைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் இருவகைச் செருகுவாய்களைக் காணலாம். பி.சி.ஐ. என்பது பழையது, பெரும்பாலும் வெண்ணிறத்தில் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் நீளமாக இருக்கும். 2003-இல் வரையறுக்கப்பட்ட பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அதற்குப் பின் வந்தது. இதன் மிகச் சிறிய வடிவம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே இருக்கும். பெயர்கள் ஒத்திருந்தாலும் ஒன்றின் கார்டு மற்றொன்றில் பொருந்தாது. எக்ஸ்பிரஸ் வகையில் சிறிய கார்டைப் பெரிய செருகுவாயில் பொருத்தலாம் என்பது ஒரு வசதி.

சாதாரண பி.சி.ஐ. பாதை ஒரு துடிப்புக்கு 4 பைட் வீதம், வினாடிக்குச் சுமார் 3.3 கோடி துடிப்பில் வேலை செய்கிறது. பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 13.3 கோடி பைட். ஜிகாபிட் கார்டு ஒரு திசையில் மட்டுமே 12.5 கோடி பைட் கேட்கும். இரு திசையிலும் 25 கோடி. அந்தப் பாதையிலுள்ள மற்றக் கருவிகளும் அதே இடத்தைப் பங்கு கேட்கும். ஆகவே பி.சி.ஐ. செருகுவாயில் ஜிகாபிட் கார்டைப் பொருத்தினாலும் அதன் முழு வேகம் கிடைக்காது. இது கார்டின் குறையன்று. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் முதல் பதிப்பிலேயே ஒரு தடத்தில் ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு 25 கோடி பைட் செல்லும். அங்கு இந்த நெருக்கடி இல்லை. இரண்டு வகையும் இருந்தால் எக்ஸ்பிரஸையே தேர்ந்தெடுங்கள்.

செருகுவாயே காலியில்லை என்றால் யூ.எஸ்.பி. துளையில் செருகும் கருவிகள் உண்டு. மடிக்கணினிக்கும் அவசரத்துக்கும் அவை ஏற்றவை. ஆனால் பழைய கணிப்பொறியில் உள்ள யூ.எஸ்.பி. 2.0-இன் உச்ச வேகமே வினாடிக்கு 48 கோடி பிட்தான். கை பட்டால் கழன்றுவிடும் தொல்லையும் உண்டு. இரவு பகலாக ஓடும் சர்வருக்கு உள்ளே பொருத்தும் கார்டே நல்லது.

எந்தச் சில்லைத் தேடலாம்?

பி.சி.ஐ. செருகுவாய்க்கு: 10 கோடி பிட் வேகம் போதுமெனில் இன்டெல் புரோ/100 வரிசைக் கார்டுகளை லினக்ஸ் இ100 என்ற டிரைவரால் இயக்குகிறது. ஜிகாபிட் வேண்டுமெனில் இன்டெல் புரோ/1000 வரிசையின் பி.சி.ஐ. கார்டுகள், 82540, 82541 போன்ற சில்லுகள் கொண்டவை, இ1000 என்ற டிரைவரால் இயங்குகின்றன. பழைய கணிப்பொறிகளைக் கழற்றி விற்கும் கடைகளில் இவை கிடைப்பதுண்டு.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸுக்கு: இன்டெல் 82574எல் சில்லு கொண்ட கார்டு நல்ல தேர்வு, அதற்கு இ1000இ டிரைவர். ரியல்டெக் 8111, 8168 சில்லுகள் மலிவானவை; எங்கும் கிடைப்பவை. இவற்றுக்கு ஆர்8169 டிரைவர் உட்கருவிலேயே உள்ளது. கோப்பு, இணையம், அச்சுப்பொறி என்னும் சாதாரண வேலைகளுக்கு இவை போதும்.

ரியல்டெக் 8139 என்ற பழைய சில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிக மலிவான கார்டுகளில் ஒரு காலத்தில் எங்கும் நிறைந்திருந்த சில்லு இது. 8139டூ என்ற டிரைவர் அதை நன்றாகவே இயக்குகிறது. ஆனால் இந்தச் சில்லு வரும் பொட்டலங்களையெல்லாம் ஒரே தொட்டியில் வரிசையாகக் கொட்டிவிடும். அவற்றை ஒவ்வொன்றாக அள்ளி உரிய இடத்தில் வைப்பது செயலகத்தின் தலையில் விழும். ஓய்வாக இருக்கும் கணிப்பொறிக்குப் பரவாயில்லை. எட்டுப் பேருக்குப் பரிமாறும் சர்வருக்கு அது சுமை.

விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். புகழ்பெற்ற பெயர்களில் போலிக் கார்டுகள் உலவுகின்றன. திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குவதே பாதுகாப்பு.

புதியதெல்லாம் நல்லதா?

"சார், உள்ளதிலேயே புதிய கார்டை வாங்கிவிட்டால் கவலையில்லையே?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ரியல்டெக் 8125 என்னும் சில்லு வினாடிக்கு 250 கோடி பிட் அனுப்பவல்லது. உட்கருவின் ஆர்8169 டிரைவர் இந்தச் சில்லைக் கற்றுக்கொண்டது 2019-இல் வெளிவந்த 5.4 பதிப்பில்தான். உங்கள் கணிப்பொறியில் அதைவிடப் பழைய உட்கரு ஓடினால், அந்தப் புதுக் கார்டு அதற்குப் புரியாத புதிரே. யூ-நேம் என்ற கட்டளையோடு, இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆர் என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டினால் உங்கள் உட்கருவின் பதிப்பு எண் தெரியும். சில்லின் வயது உட்கருவின் வயதைவிட மூத்ததாக இருக்கட்டும்!

நல்ல பெயர் பெற்ற கார்டாயினும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாகாது. 2008-இல் உட்கருவின் 2.6.27 சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சிலருடைய இன்டெல் கார்டுகள் திடீரென மௌனமாயின. கார்டின் நிலை நினைவகத்தில் எழுதியிருந்த விவரங்கள் அழிந்துபோயிருந்தன. இ1000இ டிரைவர்மேல் ஐயம் எழுந்தது. ஆராய்ந்து பார்த்ததில், உட்கருவின் செயல்களைக் கண்காணிக்கப் புதிதாகச் சேர்த்திருந்த எஃப்டிரேஸ் என்னும் பகுதியே தவறான இடத்தில் எழுதிக் கெடுத்திருந்தது என்று தெரிந்தது. டிரைவரில் அந்த நினைவகத்துக்குப் பூட்டும் போடப்பட்டது. பிறர் கணிப்பொறிகளில் சோதித்துத் தேறிய பதிப்பையே ஆய்வக சர்வரில் ஓட்ட வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

பொருத்திய பின்

கார்டு சரியானதே, விளக்கும் எரிகிறது, ஆனாலும் வலை இயங்கவில்லை. பலர் இந்தக் கட்டத்தில் மனம் சோர்ந்து கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். காரணம் மிக எளிது. ஒவ்வொரு கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள தனி முகவரி உண்டு. பழைய லினக்ஸ் அமைப்புகள் பல, அந்த முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு, முதல் கார்டுக்கு ஈத்0 என்று பெயர் சூட்டிவிடும். அந்தக் கார்டு மறைந்து புதியது வந்தால், புதியதை ஈத்1 என்று அழைக்கும். நம் அமைப்புக் கோப்போ இன்னும் ஈத்0-ஐத் தேடிக்கொண்டிருக்கும்! அந்தப் பெயர்ப் பதிவேட்டில் பழைய வரியை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால் போதும். 2013-க்குப் பின் பரவிய முறையில், கார்டு அமர்ந்திருக்கும் செருகுவாயைக் கொண்டே பெயர் அமைகிறது. அங்கும் இடம் மாறினால் பெயர் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இணைப்பு கிடைத்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். பெரிய கோப்பு ஒன்றை இரவு முழுவதும் அங்குமிங்கும் அனுப்பிப் பாருங்கள். காலையில் ஈத்டூல் கட்டளையோடு சிறு கோடும் பெரிய எஸ் எழுத்தும் கார்டின் பெயரும் சேர்த்துத் தட்டினால், கெட்ட பொட்டலங்களின் எண்ணிக்கை தெரியும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அதற்குப் பின்னும் ஏறினால் கார்டை மாற்றுங்கள்.

மின்னலுக்கு ஒரு கணக்கு

புதிய கார்டும் அடுத்த ஐப்பசியில் போய்விட்டால் என்ன பயன்? மின்னல் எங்கள் கட்டடத்தில் விழவேயில்லை. எப்படிக் கார்டைக் கொன்றது? இயற்பியல் மாணவர்கள் இதை எளிதாகக் கணக்கிடலாம். 30,000 ஆம்பியர் மின்னோட்டமுள்ள மின்னல் 100 மீட்டர் தொலைவில் விழுகிறது என்க. அந்தத் தொலைவில் அதன் காந்தப்புலம் 0.00006 டெஸ்லா. அது 2 மைக்ரோ வினாடியில் எழுகிறது. ஆக, புலம் மாறும் வீதம் வினாடிக்கு 30 டெஸ்லா. இரண்டு கட்டடங்களை இணைக்கும் நெட்வொர்க் கேபிளும் மின்சாரக் கம்பியின் நில இணைப்பும் சேர்ந்து 100 சதுர மீட்டர் பரப்புள்ள வளையமாக அமைந்திருந்தால், ஃபாரடே விதிப்படி அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் 3,000 வோல்ட்! கார்டின் துளைக்குப் பின்னாலுள்ள சிறு மின்மாற்றிகள், ஈதர்நெட் தரவிதிப்படி, 1,500 வோல்ட் வரை தாங்கினால் போதும். அதற்கு மேல் போனால் பாதுகாப்பு உடைந்து சில்லு கருகுகிறது.

தீர்வும் இக்கணக்கிலேயே உள்ளது. கட்டடத்துக்குக் கட்டடம் செல்லும் இணைப்புக்குக் கண்ணாடி இழையைப் பயன்படுத்துங்கள். அதில் மின்னோட்டம் பாயாது. அதற்கு வசதியில்லாவிட்டால் இடிமழைக்கு முன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செலவில்லாத பாதுகாப்பு அது. மின்சாரச் செருகியை மட்டும் கழற்றிவிட்டு நெட்வொர்க் கேபிளை மறந்துவிடுவதே நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. நானும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் ஆய்வகக் கதைக்கு வருவோம். வேறொரு துறையில் கழித்துப் போட்டிருந்த கணிப்பொறி ஒன்றின் மூடியை மாணவர்கள் திறந்தனர். உள்ளே இருந்த பி.சி.ஐ. கார்டில் தூசியைத் துடைத்ததும் 82541 என்ற எண் தெரிந்தது. அனுமதி பெற்று எடுத்து வந்து பொருத்தினோம். குறுந்தகடு எதுவும் தேவைப்படவில்லை. உட்கரு தானே அடையாளம் கண்டு இ1000 டிரைவரை அமர்த்தியது. பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரியை நீக்கினோம். எட்டுக் கணிப்பொறிகளும் மீண்டும் சர்வரோடு பேசத் தொடங்கின. செய்முறைத் தேர்வு குறித்த நாளில் நடந்தது.

பொருள் பழையது என்பதாலேயே அது பயனற்றது ஆகிவிடாது. பழுது எங்கே என்று அறிந்து, அந்த ஓர் உறுப்பை மட்டும் சரியாகத் தேர்ந்து மாற்றத் தெரிந்தால், குப்பைக்குப் போக வேண்டிய கணிப்பொறி இன்னும் பல மாணவர்களுக்கு உழைக்கும். கடைக்குப் போகும்போது "இது எந்தக் கம்பெனிக் கார்டு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதில் உள்ள சில்லு எது?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கார்டை வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள்.